காவிரி டெல்டாவில் இரண்டு நாள் சைக்கிள்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

டெல்டா பக்கம் இரண்டு நாள் அமைதியாகச் சைக்கிள் ஓட்ட வேண்டும், எந்த வழியில் போகலாம் என்று கேட்பவர்கள் அநேகமாக நான்கு வழிகளுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். கல்லணையிலிருந்து காவிரியை ஒட்டிப் பூம்புகார் போகும் சாலை ஒன்று. கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் தெற்கே போகும் புது ஆற்றின் (கல்லணைக் கால்வாயின்) கரை இரண்டாவது. தஞ்சாவூர், வடுவூர், மன்னார்குடி, நீடாமங்கலம் என்று வெண்ணாற்றுப் பாசன ஊர்களைச் சுற்றிவரும் கிராமச் சாலைகள் மூன்றாவது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் போகும் கடலோர வழி நான்காவது.

நான்குமே சமதளம். கல்லணை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் 130 கி.மீ. அளவு தூரம். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறக்கம் கிடையாது. ஏற்றம் இல்லை என்றதும் எல்லோரும் தூரத்தை மட்டும் பார்த்து வழியை முடிவு செய்துவிடுகிறார்கள். அது போதாது. இந்த மண்ணில் ஒரே 60 கி.மீ. ஆனி மாதத்தில் ஒரு மாதிரியும் தை மாதத்தில் வேறு மாதிரியும் இருக்கும். காற்று திரும்பிவிடும், சாலையில் நெல் காயும், கரை சேறாகும். அதனால் மாதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் வழியைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

## எதை வைத்து எடை போடுவது

காற்று. மலைச் சாலையில் மேடு செய்கிற வேலையைச் சமதளத்தில் காற்று செய்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்கு எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காற்றில்லாத நாளைப்போல மூன்று மடங்கு எதிர்ப்பைத் தள்ளியாக வேண்டும். மேடு என்றால் ஒரு கட்டத்தில் முடிந்து இறக்கம் வரும். எதிர்காற்று நாள் முழுக்க இருக்கும், மறைவதற்கு ஒரு குன்றுகூட இல்லை.

டெல்டாவின் காற்றுக்கு ஒரு முறை உண்டு. ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கு, தென்மேற்குக் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வதை வயல் நடுவே போகும் கரையில் சைக்கிள் ஓட்டும்போது முழுதாக நம்புவீர்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை. இந்த இரண்டுக்கும் மேலே, கடற்கரையை ஒட்டிய பகுதியில் மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். ஆகவே காலை எட்டு மணிக்குள் ஓட்டும் தூரம்தான் எந்த மாதத்திலும் மலிவான தூரம்.

நிழல். பங்குனி, சித்திரையில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. புளியமரங்கள் வரிசையாக நிற்கும் பழைய சாலைக்கும், அகலப்படுத்துவதற்காக மரங்களை வெட்டிய சாலைக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு உடனே சொல்லிவிடும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் தெற்குப் பகுதியில் தென்னையையும் சாலையோர மரங்களையும் பெருமளவில் சாய்த்துவிட்டது. புதிதாக வைத்தவை எல்லா இடத்திலும் நிழல் தரும் அளவுக்கு வளர்ந்துவிடவில்லை.

வண்டிகள். எத்தனை வண்டி போகிறது என்பதைவிட எந்த வண்டி போகிறது என்பது முக்கியம். ஒரு தனியார் பஸ், நூறு மோட்டார் சைக்கிள்களைவிட அதிகமாக உங்களைச் சாலையை விட்டு இறக்கும்.

தரை. தார், மண், கப்பி, களி. கூடவே பருவத்துக்கு ஏற்ப வைக்கோல், நெல், சேற்றுக் கட்டிகள்.

திரும்பும் வழி. போவதைப் பற்றியே யோசித்துவிட்டு, கடைசி ஊரிலிருந்து சைக்கிளோடு எப்படித் திரும்புவது என்பதை அங்கே போய்ச் சேர்ந்தபின் யோசிக்கிறவர்கள் பலர். உண்மையான செலவு பெரும்பாலும் இங்கேதான்.

## ஒரே பார்வையில்

| | காவிரிச் சாலை | புது ஆற்றுக் கரை | வெண்ணாற்று ஊர்கள் | நாகை – கோடியக்கரை |
|---|---|---|---|---|
| தூரம் | ஏறத்தாழ 130 கி.மீ., ஒரு வழி | தஞ்சாவூர் வரை 40 கி.மீ.-க்கு மேல், அதற்கு மேல் விருப்பம்போல் | 80 – 100 கி.மீ., சுற்று | ஏறத்தாழ 60 கி.மீ., ஒரு வழி |
| வண்டி நெரிசல் | நடுத்தரம். ஊர்களில் அதிகம் | மிகக் குறைவு | குறைவு | நெடுஞ்சாலையில் வேகமான வண்டிகள். வேதாரண்யத்துக்குப் பின் குறைவு |
| காற்று | கிழக்கு–மேற்கு. பருவம் பார்த்துத் திசை மாற்றலாம் | திறந்த கரை. பக்கக் காற்று | வீடும் தோப்பும் தடுக்கும் | முழுத் திறப்பு |
| நிழல் | பல இடங்களில் நல்ல நிழல் | விட்டு விட்டு | நல்ல நிழல் | குறைவு |
| தரை | தார் | தார், மண், கப்பி கலந்து | குறுகிய தார் | தார் |
| சாப்பாடு, தங்கல் | எங்கும் உண்டு | கரையில் ஒன்றும் இல்லை | டீக்கடை உண்டு. தங்க மன்னார்குடி, தஞ்சாவூர் | வேளாங்கண்ணி, வேதாரண்யம் |
| திரும்ப | ரயில் வசதி நன்று | புறப்பட்ட இடத்துக்கே ஓட்டலாம் | சுற்று என்பதால் சிக்கல் இல்லை | கடினம் |

## காவிரிச் சாலை: கல்லணை முதல் பூம்புகார் வரை

மாநில நெடுஞ்சாலை 22. கல்லணையில் தொடங்கித் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று போய்க் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் முடிகிறது. ஒரு நதியை அதன் கிளைகள் பிரியும் இடத்திலிருந்து கடல் வரை கூடவே போய்ப் பார்ப்பது என்பது பெரிய ஆசை. அந்த ஆசை இருப்பவர்களிடம் வேறு வழியைச் சொல்லி மாற்ற நான் முயல்வதில்லை.

இந்த வழியின் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது கல்லணையிலிருந்து திருவையாறு வரை, மிக நன்றாக இருக்கிறது. வாழைத் தோட்டம், படுகை, மூங்கில், ஆற்றுக்கு இறங்கும் படித்துறைகள். சாலை ஆற்றை ஒட்டியும் விலகியும் போகும். திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிவதைப் பார்க்கலாம். திருவையாற்றில் அசோகா என்னும் பாசிப்பருப்பு அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு மதிய வெயிலைப் புஷ்ய மண்டபப் படித்துறைப் பக்கம் கழிக்கலாம். நேரம் இருந்தால் அங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிப் போய்ப் பாருங்கள்: காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று பதினைந்து கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுவீர்கள்.

திருவையாற்றுக்குக் கிழக்கே ஊர்கள் நெருங்கிவிடும். சுவாமிமலை, கும்பகோணம் பகுதியில் கோயில் சுற்றும் வேன்களும் கார்களும் வாரக் கடைசியில் ஓயாது. கும்பகோணத்தைக் கடந்து மயிலாடுதுறை வரையுள்ள 35 கி.மீ. சொச்சத்தை அமைதியான சாலை என்று என்னால் சொல்ல முடியாது. பஸ்களின் வேகத்துக்கு ஏற்றபடி சாலையோரம் அகலமாக இல்லை. இந்தப் பகுதியை விடியற்காலையில் கடந்துவிட வேண்டும். இல்லையென்றால் இதை மட்டும் ரயிலில் போய்விட்டு மயிலாடுதுறையிலிருந்து மறுபடி ஓட்டலாம். இரண்டுமே ரயில் நிலையம் உள்ள ஊர்கள்.

மறைந்திருக்கும் செலவு திருவிழாக்கள். ஆடிப்பெருக்கு அன்று கல்லணையிலிருந்து கடல் வரை படித்துறைகள் நிரம்பி வழியும். தை மாதத்தையொட்டி நடக்கும் தியாகராஜர் ஆராதனையின்போது திருவையாற்றில் அறை கிடைப்பது அரிது. ஐப்பசி முழுக்க மயிலாடுதுறையில் துலா நீராடல். மாதக் கடைசி நாளான கடைமுழுக்கு அன்று ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். விழாவைப் பார்ப்பதற்காகவே போனால் சரி. அமைதி வேண்டும் என்றால் இந்த நாட்களை விலக்குங்கள்.

திசையை மட்டும் தயவுசெய்து பருவம் பார்த்து வையுங்கள். ஆனி, ஆடியில் கல்லணையிலிருந்து கிழக்கே போனால் காற்று முதுகைத் தள்ளும். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அந்த ஆண்டு வழக்கப்படி திறந்திருந்தால், தண்ணீரும் உங்களோடு கிழக்கே போய்க்கொண்டிருக்கும். தை மாதத்தில் அதே சாலையைப் பூம்புகாரில் தொடங்கி மேற்கே ஓட்ட வேண்டும். பூம்புகாரில் முடித்தால்தான் கதை முழுமையாகும் என்று வாடைக்கு எதிராக மல்லுக்கட்டுபவர்களுக்குக் கடைசி 40 கி.மீ.-இல் ஆற்றைப் பார்க்கவே மனம் இருக்காது.

சைக்கிள் பயணத்துக்குப் புதியவர்கள், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் கவலைப்படாமல் ஓட்ட நினைப்பவர்கள், நடுவழியில் முடியவில்லை என்றால் ரயில் ஏற வசதி வேண்டுபவர்கள் ஆகியோருக்கு இதுதான் ஏற்றது. பெண்கள் மட்டும் சேர்ந்து போகும் குழுவுக்கும் இதையே முதலில் சொல்வேன். காரணம், கரை வழிகளில் கழிப்பறை என்று ஒன்று கிடையாது.

கொள்ளிடக் கரை எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். அகலமான மணல் ஆறு, பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கரைப் பாதை பல இடங்களில் தளர்ந்த மண், கனரக லாரிகள் போகிற இடங்களில் புழுதியும் குழியும். அதை இந்த நான்கோடு சேர்த்து எண்ணவில்லை.

## புது ஆற்றுக் கரை

கல்லணைக் கால்வாய் என்பது அரசுப் பெயர். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது புது ஆறு. மேட்டூர் அணை கட்டப்பட்ட காலத்தில், 1934-ஐ ஒட்டி, பழைய ஆறுகள் எட்டாத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய கால்வாய் இது. 148 கி.மீ. நீளம். தஞ்சாவூர் ஊருக்குள்ளேயே ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போகிறது.

நான்கில் வண்டிச் சத்தம் மிகக் குறைவானது இதுதான். கரை, வயலைவிட உயரம். இரண்டு பக்கமும் பார்வை தடையில்லாமல் போகும். சில இடங்களில் தார் போட்டிருக்கும், சில இடங்களில் ஜீப் தடம் மட்டும் இருக்கும். அகலமான டயர் உள்ள சைக்கிளுக்கு இது சுகம். 28 மி.மீ. டயர் உள்ள ரேஸ் வகை சைக்கிளோடு வந்தால் பாதி நேரம் தரையைப் பார்த்தே ஓட்டுவீர்கள். 38, 40 மி.மீ. டயர் இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

இதன் மறைந்த செலவுகள் கொஞ்சம் கடுமையானவை. முதலாவது, முள். சீமைக்கருவேலம் கரையோரத்தில் தாராளமாக இருக்கிறது, வெட்டிப் போட்ட கிளைகள் பாதையில் கிடக்கும். அந்த முள் டயரைக் குத்தி ட்யூபுக்குள் போய் ஒடிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் இரண்டு நிமிடத்தில் அதுவும் போகும். இரண்டாவது, மழை. ஐப்பசி, கார்த்திகையில் மண் கரை களியாகி மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. மூன்றாவது, பாலங்கள். அந்தப் பக்கத்துக் கரை நன்றாக இருக்கிறதே என்று தோன்றும்போது பாலம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். போனில் உள்ள வரைபடம் கரைத் தடங்களை எல்லாம் சாலையாகக் காட்டும், பாதி வழியில் மதகு வேலைக்காகத் தோண்டிப் போட்டிருப்பதைக் காட்டாது.

நான்காவதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிமென்ட் தளமும் சரிவும் போட்ட பகுதிகளில் தண்ணீர் முழு அளவில் ஓடும்போது குளிக்க இறங்காதீர்கள். வேகம் மேலே தெரியாது. சரிவு வழுக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது, நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாமல் போகலாம். குளிக்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் இருக்கும்போது.

காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் வீடு திரும்பும் அரைநாள் ஓட்டத்துக்குத் தஞ்சாவூரில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தண்ணீர் வந்தபின், மழை தொடங்கும் முன், அதாவது ஆடியிலிருந்து புரட்டாசிக்குள், அதிகாலையில். வெளியூரிலிருந்து இரண்டு நாள் ஒதுக்கி வருபவர்கள் இதை மட்டும் நம்பி வர வேண்டாம். கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரும் ஒரு பகுதியாக இதை வைத்துக்கொள்ளலாம்.

## வெண்ணாற்று ஊர்கள்

இந்த வழிக்குப் பெயர் கிடையாது. பயணக் கையேடுகளில் இது அதிகம் தென்படாது. எனக்கு நான்கில் மிகப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் (ஆறு பிரியும் மதகில்) பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. அங்கிருந்து ஆறுகள் விரித்த விசிறியின் குச்சிகளாகத் தென்கிழக்கே போகின்றன. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் வழி தானாகக் கிடைக்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவில், ஆற்றோடு சேர்ந்து போகும் சாலைகள் அமைதியானவை. அவை ஊரையும் ஊரையும் இணைப்பவை மட்டுமே, வேறெங்கோ போகும் வண்டிக்கு அங்கே வேலை இல்லை. ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலைகளில்தான் பஸ்ஸும் லாரியும் ஓடும். ஆகவே நீளவாக்கில் அதிகம், குறுக்குவாக்கில் குறைவு என்று வழியை அமைக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து வடுவூர் 25 கி.மீ. அளவு. பிரதான சாலையை விட்டு உள்ளே உள்ள ஊர்கள் வழியாக வந்தால் கொஞ்சம் கூடும். வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம். 2022-இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை விடிந்ததும் அங்கே இருக்கும்படி புறப்படுங்கள். சைக்கிளில் வருபவர்கள் எஞ்சின் சத்தம் இல்லாமல் கரைக்கு வந்து நிற்க முடியும், பறவைகள் கலையாது. அங்கிருந்து மன்னார்குடி 15 கி.மீ. சொச்சம். ராஜகோபாலசுவாமி கோயிலையும், கடலோ என்று மலைக்க வைக்கும் ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே தங்கலாம். மறுநாள் நீடாமங்கலம், மூணாறு தலைப்பு, பிறகு வெண்ணாற்றை ஒட்டிய ஊர்கள் வழியாகத் தஞ்சாவூர். மொத்தம் 80-இலிருந்து 100 கி.மீ.

கிராமச் சாலைகள் பெரும்பாலும் ஒரு வண்டி போகும் அகலம்தான். அது குறை அல்ல. வேகமாக யாரும் ஓட்ட முடியாது என்பதால் நமக்கு அதுதான் பாதுகாப்பு. சாலை, ஊர்களின் மட்டத்திலேயே போவதால் வீடு, தோப்பு, மூங்கில் கொல்லை எல்லாம் காற்றைத் தடுக்கும். கரையில் கிடைக்கும் பரந்த பார்வை இங்கே இல்லை. அதற்குப் பதில் நிழல், டீக்கடை, வழி கேட்டால் கூடவே வந்து காட்டும் மனிதர்கள்.

செலவு என்ன? இந்தச் சாலைகள் விவசாயத்தின் ஒரு பகுதி, அதை மறக்கக் கூடாது. நடவுக் காலத்தில் கேஜ் வீல் (சேற்றில் உழுவதற்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் தாரில் ஏறி இறங்கிய தழும்புகள் வரிசையாக இருக்கும். மெல்லிய டயருக்கு அது கையை உதறும் வலி. குறுவை அறுவடையிலும் சம்பா, தாளடி அறுவடையிலும் அறுவடை மிஷின்கள் வயலிலிருந்து ஏறும் இடங்களில் சேற்றுக் கட்டிகள். தை, மாசியில் சாலையின் ஒரு பாதி நெல் காயவைக்கும் களம். அதன்மேல் ஓட்டாதீர்கள். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கவலையோடு ஒரு குடும்பம் வருடத்து உழைப்பைக் காயவைத்திருக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக அரை நிமிடம் ஆகும். உளுந்து, பயறு அறுத்த பிறகு செடியைச் சாலையில் பரப்பி வைப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. கார் ஏறலாம், கியர் சைக்கிள் ஏறக் கூடாது: கொடி பின் சக்கரத்துப் பல்லில் சுற்றி, கியர் மாற்றும் டிரெய்லியரை முறித்துவிடும். வைக்கோலும் அப்படித்தான்.

இருட்டியபின் இந்த வழியில் ஓட்டவே வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியலைச் சுற்றிக் கருங்கல் வைத்திருப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

எதிர்காற்றுக்குப் பயப்படுபவர்கள், சுற்றாக வந்து புறப்பட்ட இடத்திலேயே முடிக்க நினைப்பவர்கள், நின்று பேசி வேடிக்கை பார்த்துப் போகப் பிடித்தவர்கள் எல்லோரும் இதை எடுக்கலாம். நேரத்துக்குத் தூரத்தை முடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது சரிவராது. வழி தப்பும், திரும்ப வேண்டிவரும்.

## நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை

வரைபடத்தில் மிகக் கவர்ச்சியானது. கடல், உப்பளம், காடு, வெளிமான், பூநாரை. கோடியக்கரை 2002-இலேயே ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இடம். அங்கே மேடு என்று சொல்ல இருப்பது ராமர் பாதம் என்னும் மணல்மேடு ஒன்றுதான், அதுவும் சில மீட்டர் உயரம்.

ஓட்டிப் பார்த்தால் இரண்டு துண்டாகத் தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை, வேளாங்கண்ணி வழியாக, 50 கி.மீ. அளவு: கார்களும் பஸ்களும் வேகமாகப் போகும் சாலை, நிழல் குறைவு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை 11 கி.மீ. அளவு: அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் அருமையான வழி. அந்தப் பதினோரு கிலோமீட்டருக்காக ஐம்பது கிலோமீட்டரைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் பதில், வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து உள்நாட்டு வழியாக வேதாரண்யம் வாருங்கள். ஏறத்தாழ 35 கி.மீ. வயலும் தென்னந்தோப்புமாக வரும்.

காற்று இங்கே இரக்கமில்லாதது. வாடைக் காலத்தில் நாகையிலிருந்து தெற்கே போவது எளிது, திரும்புவது எளிதல்ல. பறவைகள் வரும் காலமும் அதேதான். அதனால் ஒரு வழி மட்டும் ஓட்டத் திட்டமிடுங்கள். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி ரயில் பாதை அகலப்பாதையாகி 2023-இல் திரும்பத் திறக்கப்பட்டது. சேவைகள் குறைவு, அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் நாளைக் குறிக்க வேண்டும். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும் நேரமும் உண்டு. மாலை வந்து சேர்ந்து உள்ளே போகலாம் என்ற கணக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்கு முன்பிருந்தே எல்லாத் திசையிலிருந்தும் பக்தர்கள் நடந்து வருவார்கள். தங்க இடம் கிடைக்காது, சாலை அவர்களுடையது. அந்த நாட்களில் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

தை பிற்பாதியிலும் மாசியிலும், பறவை பார்க்கும் ஆர்வத்தோடு, காற்றில் ஓட்டிப் பழகியவர்கள் போனால் இந்த வழி தரும் நிறைவு பெரியது. புதியவர்கள் வேதாரண்யத்தில் தங்கிக்கொண்டு கோடியக்கரைக்கு மட்டும் காலையில் போய்வரலாம். அதுவே முழுப் பயணம்தான்.

## எந்த வழி எடுத்தாலும் கணக்கில் வைக்க வேண்டியவை

பஞ்சர் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, ஆனால் அங்கே இருப்பது சாதா சைக்கிளுக்கான ட்யூப். பிரெஸ்டா வால்வு (ரேஸ் வகை சைக்கிள்களில் வரும் ஒல்லியான வால்வு) உள்ள மெல்லிய ட்யூப் தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டினால் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். கடைக்காரர் பம்பு அந்த வால்வில் உட்காராது. இரண்டு ட்யூப், ஒட்டும் சாமான், ஒரு சின்ன பித்தளை அடாப்டர், சொந்தப் பம்பு ஆகியவற்றைக் கையில் வையுங்கள். சாதா சைக்கிளில் வருபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. இந்தச் சமதளத்தில் அது மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

ரயிலில் சைக்கிளை லக்கேஜ் வேனில் பதிவு செய்து ஏற்ற வேண்டும். சிறிய நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும், பார்சல் ஏற்றும் வசதியும் எல்லா இடத்திலும் இருக்காது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய நிலையங்களை வைத்தே திட்டம் போடுங்கள். அரசு பஸ்களில் சைக்கிள் ஏற்றுவதைப் பெரும்பாலும் நடத்துநர்கள் ஏற்க மாட்டார்கள்.

## மூன்று நாள் இருந்தால்

வெண்ணாற்று வழியையும் கோடியக்கரையையும் இணைத்துவிடலாம். முதல் நாள் தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாக மன்னார்குடி. இரண்டாம் நாள் மன்னார்குடியிலிருந்து 28 கி.மீ. அளவில் திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகிகள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் வேதாரண்யம் வந்தார்கள். சித்திரை வெயிலில், 240 கி.மீ. அளவு தூரத்தை 13-ஆம் தேதியிலிருந்து 28-ஆம் தேதிக்குள் நடந்தே முடித்தார்கள். உப்பு அள்ளியது 30-ஆம் தேதி. அகஸ்தியன்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. மூன்றாம் நாள் விடியலில் கோடியக்கரை போய்வந்து, ரயில் இருந்தால் திருத்துறைப்பூண்டி வரை அதில். இல்லையென்றால் அன்று வேதாரண்யத்திலேயே தங்கி மறுநாள் காற்று எழும் முன் புறப்படுங்கள். வேன் ஒன்றை அமர்த்திச் சைக்கிள்களைத் தஞ்சாவூர் வரை ஏற்றிவிடுவதும் நான்கைந்து பேர் பகிர்ந்தால் பெரிய தொகை ஆகாது. அதை ஊரில் போய்த் தேடாமல், மன்னார்குடியில் தங்கும் இரவே பேசி வைத்துவிடுங்கள்.